முட்டிக்கு இங்கிலீசு தெரியாது

அந்த ராகம் இன்னும் காதுல கீது கண்ணு. கு...ட் மா...ர்னிங் டீ...ச்சர்னு மொத்த கிளாசும் ஒண்ணா இழுப்போம். டீச்சர் ஹவ் ஆர் யூம்பாங்க. ஐ யாம் ஃபை...ன், தேங்க் யூ டீ...ச்சர். ஓட்டு மேல குந்தியிருக்கிற புறா எல்லாம் படபடன்னு கெளம்பிப் போவும். அந்த ஃபைன் சொன்னதுல பாதி, காலைல வெறும் தண்ணி குடிச்சிட்டு வந்ததுங்க. ஒரு நாளு எனக்கு ஜுரம், அனலா காயிது. நானும் ஃபை...ன்னு இழுத்தேன். இழுத்து முடிக்கல, கீழ வுழுந்துட்டேன். அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி, இந்த வார்த்தை நமக்கு ஆவாதுன்னு. இப்ப அம்பது வயசு தாண்டி, அதே வார்த்தையால பொழப்புல மண்ணு வுழுந்து, செங்கல்பட்டு வரைக்கும் பஸ் ஏறி வந்து இந்த கிளினிக்கு பெஞ்சில குந்திகினு கீறேன் பாரு.

நீ பேசாத. வேணாம், வேணாம், வாயத் தொறக்காத. பல்லு புடுங்கிட்டு பஞ்சு வெச்சி அனுப்பிகிறாரு, கடிச்சிகினு சும்மா குந்துன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சி. நீ தலைய மட்டும் ஆட்டு, போதும். புருஷன் பல்லு டாக்டரு, பொண்டாட்டி மத்த எல்லாத்துக்கும் டாக்டரு. ஒரே ஹாலு, ஒரே பெஞ்சு. உனக்கு முடிஞ்சிது, என்னை இன்னும் கூப்புடல.

உன் மடியில கீற புக்கைப் பாத்துதான் எனக்கு வயிறு எரியுது. இங்கிலீசு பேசுற புக்குதான அது? அட்டையில ஒருத்தன் கோட்டு போட்டுகினு சிரிக்கிறானே. சிரிப்பான், சிரிப்பான். அவனுக்கின்னா.

என் பேரு காசியம்மாள். மாமல்லபுரத்துக்கு இந்தாண்ட, கடலோரமா ஒரு ரிசார்ட்டு கீது, அதுல ரூமு கிளீன் பண்ற வேலை. பில்லோ, பெட்ஷீட்டு, டவலு, ஹேங்கரு, சாமான் பேரெல்லாம் எனக்கு அத்துப்படி. கெஸ்ட்டு வாயத் தொறக்கறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவேன். சாமான் பேரோட வுட்டாங்களா? செவ்வாக்கிழமை ஆனா கேன்டீன்ல கிளாசு. பரணிதரன்னு ஒரு தம்பி மெட்ராசுல இருந்து வர்றாரு. கழுத்துல டை கட்டிகினு, எங்க சாம்பாரு வாசனைக்கு நடுவுல நின்னுகினு, வெள்ளைக்காரன் எப்பிடிப் பேசுவான், அவங்கிட்ட நாம எப்பிடிப் பேசணும்னு சொல்லிக் குடுப்பாரு. நல்ல புள்ளதான். குத்தம் சொல்லக் கூடாது. சொல்லிக் குடுக்கறதுதான் பேஜாரு.

கேளு. கெஸ்ட்டு ரூமுல பாத்ரூம் அடைச்சிக்கிச்சி. நான் போயி, கைய வுட்டு, இன்னான்னவோ எடுத்துப் போட்டுட்டு வரேன். அவங்க தேங்க் யூன்றாங்க. நான் இன்னா சொல்லணுமாம்? மை பிளெஷராம். எனக்கு சந்தோசம்னு அர்த்தமாம். அதுல எனக்கு இன்னாம்மா சந்தோசம்? நான் கேட்டேன், தம்பி, சந்தோசம்னு சொன்னா நாளைக்கும் அடைச்சி வெச்சிட்டு கூப்புடுவாங்களேன்னு. கிளாசே சிரிக்குது. அவரு, இல்லக்கா, அது சும்மா சொல்றதுன்றாரு.

அப்பறம் சுலபமான வேலைன்னா பீஸ் ஆஃப் கேக்குன்னு சொல்லணுமாம். கேக்கு சுலபமா? எங்க பக்கத்து வூட்டு ரெஜினா கிறிஸ்மஸுக்கு கேக்கு பண்றன்னு குக்கர வெச்சிகினு பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைசில கரண்டியால தட்டி எடுத்து ஆட்டுக்குப் போட்டா. ஆடு மோந்து பாத்துட்டு பூட்சி. அத்த சுலபம்னா? ஒடம்பு சொகமில்லன்னா அண்டர் த வெதராம். வெயிலுக்கும் மழைக்கும் கீழதான எல்லாரும் கீறோம், அதுக்கு மேல யாரு கீறாங்க? எல்லாத்துக்கும் அவரு சொல்றது ஒண்ணுதான். சும்மா சொல்றதுக்கா, அர்த்தம் பாக்காதீங்க.

அர்த்தம் பாக்காம எப்பிடிமா பேசுறது? பேசுறதே அதுக்குத்தான.

சரி, அதெல்லாம் பொறுத்துகினேன். மை பிளெஷரும் சொன்னேன், வயித்தெரிச்சலோட. ஒண்ணே ஒண்ணு மட்டும் முடியாதுன்னேன். ஹவ் ஆர் யூன்னு கேட்டா ஃபைன்னு சொல்றது. எப்பிடிமா சொல்றது? நல்லா கீறேன்னு நாமளே வாயால சொல்லலாமா? கண்ணு படாது? எங்கம்மா சாகற வரைக்கும் யாரு கேட்டாலும் ‘ஏதோ கீறோம், உங்க புண்ணியத்துல’ன்னுதான் சொல்லும். வூட்ல பாயசம் கொதிச்சிகினு இருக்கும், வாசல்ல நின்னு ‘ஏதோ கீறோம்’னு மூஞ்ச தொங்கப் போட்டுகினு சொல்லும். அது மரியாதி. அது ஜாக்கிரதை.

எங்க வூட்டுக்காரரு சின்னையனுக்கு அந்த ஜாக்கிரதை கெடையாது. லோடு ஆட்டோ வாங்குன புதுசு. தர்பூசணி ஏத்திகினு வர்றப்ப அச்சரப்பாக்கத்துல வண்டிய நிறுத்தி டீ குடிச்சிகிறாரு. அவரோட பங்காளி ஒருத்தரு ‘இன்னாப்பா, எப்பிடி கீற’ன்னு கேட்டுகிறாரு. இவரு வண்டிய ஒரு தட்டு தட்டி, ‘சூப்பரா கீறேன்’னுட்டாரு. மதுராந்தகம் வரல. ஏரிக்கரை வளைவுல வண்டி சாஞ்சிடுச்சி. ஆளுக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. தர்பூசணி பூராவும் ஏரித்தண்ணில மெதந்து போவுது. ஊரே குதிச்சி நீச்சல் அடிச்சி ஆளுக்கு ஒண்ணு புடிச்சிகினு போனாங்களாம். இவரு கரையில நின்னு பாத்துகினு இருந்தாராம். அன்னில இருந்து யாருனா எப்பிடி கீறன்னு கேட்டா எங்க வூட்டுக்காரரு பதிலே சொல்றது இல்ல. வேட்டியைக் கட்டுறா மாதிரி குனிஞ்சிக்குவாரு.

தம்பி, எனக்கு ஃபைன் மட்டும் வேணாம், வேற எது வேணா குடுங்கன்னேன். அவரு, எங்கூட வேலை செய்ற ஷாரோனைக் கைகாட்டுனாரு. அக்கா, அந்தப் பொண்ணு எவ்ளோ அழகா சொல்லுது பாருங்கன்னு. ஷாரோன் சின்னப் பொண்ணு. கேக்கறதுக்கு முன்னாடியே ஃபைன்னு சொல்ற ஜாதி. கெஸ்ட்டு லிப்ட்டுக்கு வழி கேட்டா கூட ஃபைன்னுட்டுதான் வழி காட்டுவா.

இன்னா ஆட்டுற? ஆமா, நான் இன்னா செஞ்சேன்னு கேக்குற. சொல்றேன், இரு.

பதினாலாம் ரூமுல ஹெல்கான்னு ஒரு அம்மா. ஜெர்மனிக்காரங்க. வருஷா வருஷம் தை மாசம் வந்து தங்குவாங்க, அவங்களும் அவங்க வூட்டுக்காரரும். அவரு கூடையில கிளிஞ்சலு பொறுக்கிகினு வந்து பாத்ரூம் தொட்டியில கழுவுவாரு, நான் மணல வாரி வாரி சாவேன். இந்த வருஷம் அந்தம்மா தனியா வந்தாங்க. பொட்டியும் ஒண்ணுதான். நான் ஒண்ணும் கேக்கல. படுக்கை தட்டறவளுக்கு கேக்க வேணாம்மா, தெரிஞ்சிடும். ரெண்டு தலகாணி வெப்பேன். ஒண்ணுலதான் பள்ளம் கீது. இன்னொண்ணு நான் தட்டி வெச்சது தட்டி வெச்சபடி.

மத்த கெஸ்ட்டும் ஹவ் ஆர் யூன்னு கேப்பாங்க. கேள்வி இங்க கீது, ஆளு நீச்சல் குளத்தாண்ட பூடும். இந்தம்மா அப்பிடி இல்ல. கேட்டுட்டு நிப்பாங்க. மூஞ்சியையே பாத்துகினு நிப்பாங்க. இந்த வாட்டி நானும் சிரிச்சி சிரிச்சி ரெண்டு நாளு ஓட்டுனேன். மூணாவது நாளு வாளியக் கீழ வெச்சிட்டு சொல்லிட்டேன். மேடம், லெக் பெயின். வூட்ல வாட்டர் நோ கம்மிங். சன் துபாய், போன் நோ கம்மிங். நம்ம வழக்கம் அதான, நாலு கஷ்டத்த முன்னாடி வெச்சிட்டா கண்ணு படாது. அந்தம்மா சேர இழுத்துப் போட்டு சிட், சிட்டுன்னாங்க. அத்தினி வருஷமா தொடைக்கிறேன், அந்த சேர்ல அன்னிக்குதான் குந்துனேன். நல்லாதான் கீது சேரு. கொஞ்சம் மெதுவு ஜாஸ்தி.

குந்தியாச்சி, இப்ப நான் இன்னா பேசுறது? பரணிதரன் தம்பி சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சி. அவங்க கேட்டா நாமளும் திருப்பிக் கேக்கணும். அண்ட் யூ, மேடம்னேன். ஃபைன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. நோ ஃபைன் மேடம்னேன். படுக்கையக் காட்டி, ஒன் பில்லோன்னேன்.

அவ்ளோதான் சொன்னது. ரெண்டு வார்த்தை. அந்தம்மா கட்டில்ல குந்தி பேச ஆரம்பிச்சாங்க பாரு. முதல்ல இங்கிலீசு. அப்பறம் அதுவும் இல்ல, அவங்க ஊரு பாசை. எனக்கு ஒரு எழுத்து புரியல. நான் தலைய ஆட்டிகினு கேட்டேன், இப்ப நீ ஆட்டுறியே, அது மாதிரி. நடுநடுவுல அவங்க வூட்டுக்காரரு பேரு வந்துச்சி, அது மட்டும் புரிஞ்சிது. பேசி முடிச்சிட்டு மூஞ்சி கழுவிகினு வந்து, தேங்க் யூ காசின்னாங்க. மை பிளெஷர் மேடம்னேன். அன்னிக்கு ஒரு நாளுதான் அந்த வார்த்தைக்கு வாயி கூசல.

அதுல இருந்து தெனமும். அவங்க அவங்க பாசையில சொல்லுவாங்க, நான் நம்ம தமிழ்ல என் மருமவளத் திட்டுவேன். கொஞ்ச நேரந்தான். பக்கத்து ரூமுக்காரங்க டவலுக்கு போன் மேல போன் போடுவாங்க, அது வேற.

அந்த நல்ல மனுஷி இன்னா செஞ்சாங்க தெரியுமா? எனக்கு நல்லது செய்றன்னு மேனேஜருக்கு நீட்டா எழுதிட்டாங்க. காசிக்கு காலு வலி, வூட்ல கஷ்டம், நீங்க ஜாஸ்தி வேலை வாங்குறீங்க, ரெஸ்ட்டு குடுங்கன்னு. மேனேஜருக்கு வேர்த்து வுட்டுருச்சி. கம்ப்யூட்டர்ல நாலு பேரு பாக்கற எடத்துல இத்த போட்டுட்டா இன்னா ஆவறது? என்னக் கூப்புட்டு, கெஸ்ட்டு கிட்ட வியாதியச் சொல்லிகினு திரியறியாமே, ஒடம்பு நல்லா கீதுன்னு டாக்டரு கையெழுத்து வாங்கிகினு வா, அது வரைக்கும் ரூமு பக்கம் வராதன்னுட்டாரு. பதினாலாம் ரூமு ஷாரோனுக்கு. நான் வூட்ல குந்திகினு செவுத்தப் பாத்துகினு கீறேன்.

இன்னாது, கைய என் பக்கம் காட்டுற? நானேதான் வெனைய இழுத்துகினேன்றியா? நல்லா கீதே. கேட்டாங்க, சொன்னேன். கேட்டா சொல்லக் கூடாதுன்னா அப்பறம் இன்னாத்துக்கு கேக்குறது? அந்தம்மா நாளைக்கு ஊருக்குப் போறாங்க. அதான் இன்னிக்கே ஓடியாந்தேன். கையெழுத்து வாங்குனா மத்தியானமே டூட்டில ஏறிடுவேன். பதினாலாம் ரூமுல ஒரு தடவை கதவத் தட்டணும், அவ்ளோதான். சொல்லிக்காம ஒரு ஆள வழியனுப்ப முடியாதுல்ல.

இப்ப வந்திருக்கிற சங்கடத்தப் பாரு. டாக்டரம்மா எப்பிடி கீறீங்கன்னு கேப்பாங்க. நல்லா கீறேன்னா கண்ணு பட்டுரும். ஏதோ கீறேன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. பஸ்ஸுல வரப்ப, திருக்கழுக்குன்றம் தாண்டுற வரைக்கும் இதே யோசனை. இங்கிலீசுல சொன்னா இன்னா? கண்ணேறுக்கு இங்கிலீசு தெரியுமா? ஷாரோன் ஒரு நாளைக்கு எத்தினி தடவை ஃபைன் சொல்றா, அவளுக்கு ஒரு தும்மல் கூட வரல. அப்ப தெரியாதுன்னு வெச்சிக்கலாம். ஆனா ஹெல்காம்மாவும் அவரும் அத்தினி வருஷமா ஃபைன், ஃபைன்னுதான் சொல்லிகினு இருந்தாங்க. இப்ப அவரு இல்ல. அப்ப தெரிஞ்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சம் தெரியும் போல, என்னாட்டம்.

உன் புக்குல பாரேன். ஹவ் ஆர் யூக்கு வேற பதிலு எதுனா கீதா? நீ தேடு, நான் புடிச்சிக்கிறேன். பஞ்சு கடிச்சிக்கோ, ஒழுவுது பாரு... எது? விரலு வெச்சிக் காட்டு. நாட்... பேட். நாட் பேட். மோசம் இல்லன்னு அர்த்தமா?

அடடே. மோசம் இல்ல. நல்லா கீதுன்னும் சொல்லல, கெட்டுப்போச்சின்னும் சொல்லல. இது நம்ம பேச்சாச்சேம்மா. அப்ப வெள்ளைக்காரங்கள்லயும் எங்கம்மா மாதிரி ஒருத்தி இருந்திருக்கா, வூட்ல பாயசத்த மூடி வெச்சிட்டு வாசல்ல நின்னு இத்த சொல்லிகிறா. இத்தினி செவ்வாக்கிழமை போயும் அந்தத் தம்பி இத்த எனக்குச் சொல்லலியே. நாட் பேட். நாட் பேட். வாயில நல்லா பொரளுது.

என்னயா கூப்புடுறாங்க? காசியம்மாள், நான்தான். நீ போயிடாத கண்ணு, என் பைய பாத்துக்கோ. நாட் பேட், நாட் பேட்...

...கொஞ்சம் தள்ளிக் குந்து. கைய குடு, அப்பிடியே மெதுவா. அம்மாடி.

பேசாத, பேசாத, நானே சொல்றேன். நல்ல டாக்டரம்மாதான். வாங்கம்மா, எப்பிடி கீறீங்கன்னாங்க. நான் நிமுந்து நின்னு, நாட் பேட், டாக்டர்னேன். அவங்க சிரிச்சிட்டாங்க. பரவால்லியே, எங்க கத்துகினீங்கன்னாங்க. இப்பதான், வெளிய பெஞ்சிலன்னேன். எல்லாம் நல்லாதான் போய்கினு இருந்துச்சி. பிரஷரு பாத்தாங்க, நாட் பேட். கண்ணப் பாத்தாங்க, நாட் பேட். பேனாவத் தொறந்துட்டாங்கம்மா. தொறந்தவங்க, கீழ ஒரு தடவை குந்தி எழுந்திருங்கன்னாங்க.

குந்துனேன். நாட் பேட்னுகினே குந்துனேன்.

எழுந்திரிக்க முடியல. இந்த வலது முட்டி பூட்டு போட்டா மாதிரி நின்னுபோச்சி. நானும் கீழ இருந்தே சிரிக்கிறேன், நாட் பேட்ன்றேன், முட்டிக்கு இங்கிலீசு இன்னா தெரியும்? நர்சு பொண்ணு ஒரு கை, டாக்டரம்மா ஒரு கை, புடிச்சித் தூக்கி குந்த வெச்சாங்க. எத்தினி நாளா இப்பிடின்னு கேட்டாங்க. நான் முந்தானைய இழுத்து முட்டிய மூடிகினேன்.

எழுதிக் குடுத்துகிறாங்க. குனியக் கூடாது, குந்தக் கூடாது, மாடி ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. ரூமு கிளீனிங்ல அதெல்லாம் போனா மிச்சம் இன்னா கீது? கதவத் தட்டறதுதான். அதுக்கு மட்டும் சம்பளம் குடுப்பாங்களா மேனேஜர்? துணி மடிக்கிற ரூமுல போடச் சொல்லி எழுதிகிறேன்னாங்க. மடிக்கிற ரூமுல சன்னலு கெடையாது. கெஸ்ட்டு யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க. ஹவ் ஆர் யூன்னு கேக்கக் கூட ஒரு நாதி இருக்காது.

சரி, பரவால்ல. மடிக்கிற ரூமா இருந்தாலும் ரிசார்ட்டுக்குள்ளதான கீது. இப்ப பஸ் ஏறுனா மூணு மணிக்கு உள்ள பூடலாம். டவலு குடுக்கறன்னு ஒரு சாக்கு வெச்சிகினு பதினாலுக்குப் போவேன். என்னை யாரு தடுக்கறது?

இரு, போனு அடிக்குது. ஷாரோன்தான்.

சொல்லுடி. ...ஆங். ...எப்போ? ...நாளைக்குன்னுதான சொன்னாங்க? ...மவளா? மவ மாத்திட்டாளா? ...நீ இன்னாடி சொன்ன? ...அய்யோ, ஏண்டி அப்பிடி சொன்ன? ...சரி, சரி. அழுவாத. நீ இன்னா பண்ணுவ. வை.

ஒண்ணும் இல்ல கண்ணு. அந்தம்மாவோட மவ டிக்கெட்ட ஒரு நாளு முன்னாடி மாத்திட்டாளாம். காலைல பொட்டியத் தூக்கிகினு வந்து, காசி எங்க, காசி எப்பிடி கீறாங்கன்னு ஷாரோனாண்ட கேட்டாங்களாம். நின்னுகினே கேட்டாங்களாம். இவ இன்னா சொன்னா தெரியுமா? ஷீ ஈஸ் ஃபைன், மேடம். சும்மா சொன்னேன்கா, வாயில வந்துடுச்சின்றா.

எழுந்துட்டியா? பஞ்ச துப்பிடு, இப்ப துப்பலாம். இன்னாமோ சொல்ல வாயெடுக்குற, வேணாம், வீக்கம் கீது பாரு, வூட்டுக்குப் போயி சொல்லிக்கோ. உன் ஆளு வண்டியோட வந்து நிக்கிறாரு. புக்க எடுத்துகினியா? நான் கொஞ்ச நேரம் கால நீட்டிகினு குந்திட்டு வரேன்.

ஹெல்காம்மா காலைலயே ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறிட்டாங்களாம். பதினாலாம் ரூமுக்கு மத்தியானம் புனேவுல இருந்து ஒரு குடும்பம் வருது.